மங்குப் பாலும் ஓடும் ரத்தமும்

கேள்வி: மங்கில், அதாவது கிண்ணத்தில், ரப்பர் பால் கட்டியாவதை எஸ்டேட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். ஓடுகிற ரத்தம் எங்கே உறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?
– வாசகர், பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: முடியும். ஆனால் மங்கைப் பார்க்காதீர்கள், மரத்தில் சீவிய பட்டையைப் பாருங்கள்! மங்கில் நிற்கிற பாலுக்கு ஆசிட் போதும். பட்டையிலோ, ஓடும் பாலில் உள்ள நுண்பைகள் உடைந்து பால் குழாயின் வாயை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் சொட்டு நிற்பது அதனால்தான். ரத்தத்தில் அந்த அடைக்கும் வேலை தட்டணுக்களுக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளுக்கும். ஓட்டம் மந்தமானால் உறையவைக்கும் புரதங்கள் அங்கேயே தேங்கும். வேகமானால் அடித்துக்கொண்டு போய்விடும். குறுகிய தமனியிலோ அந்த வேகமே தட்டணுக்களைச் சுவரில் ஒட்டவைக்கும். ஆகவே ஓட்டம், பரவல், ரசாயன வினை மூன்றுக்கும் சேர்த்தே சமன்பாடு எழுத வேண்டும். சென்னை ஐஐடியில் படித்த கே.ஆர். ராஜகோபால், எம். ஆனந்த், கே. ராஜகோபால் ஆகியோருடன் சேர்ந்து 2003-இல் அப்படியொரு மாதிரியை வெளியிட்டார். உறைந்தது கரைவதும் அதில் உண்டு, அருமையான வேலை.

நீங்கள் நீண்ட பஸ் பயணத்தில் ரத்த ஓட்டம் மந்தமாகாமல் இருக்கக் காலை அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், கணக்கை அந்த ஆய்வாளர்களிடம் விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.