எம்.சி.சி.க்கு ஒரு பாக்கி நோட்டீஸ்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மேரில்போன் கிரிக்கெட் கிளப்,
லார்ட்ஸ் மைதானம், லண்டன்.

பொருள்: ஹாம்பிள்டன் கிராமத்துக்குச் சேர வேண்டிய பழைய பாக்கியை வட்டியோடு தீர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கிரிக்கெட் விதிப் புத்தகம், விதிகள் 5 மற்றும் 8.

பெருமதிப்பிற்குரிய ஐயாக்களே, (1998 முதல்) அம்மாக்களே,

1787இல் பிறந்த தங்கள் சங்கம், பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்பதை 211 ஆண்டுகள் ஆற அமர யோசித்து முடிவெடுத்தது. ஆகவே இந்த மனுவுக்கு அடுத்த தபாலிலேயே பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். கிரிக்கெட் விதிகளின் பதிப்புரிமை தங்களுடையது. ஆனால் அந்தப் புத்தகத்தில் குறைந்தது இரண்டு விதிகளுக்கு மூலப்பத்திரம் வேறு ஊரில் இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் உள்ள ஹாம்பிள்டன்தான் அந்த ஊர். தாங்கள் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தின் கிரிக்கெட் தலைநகரமாக விளங்கியது அது. தலைமைச் செயலகம், ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்துக்கு எதிரில் இருந்த ‘பேட் அண்ட் பால்’ என்ற மதுக்கடை. கடையை நடத்திய ரிச்சர்ட் நைரனே அணிக்குக் கேப்டன். மைதானத்தைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. பேர்போன பேட்ஸ்மேன் ஜான் ஸ்மால் செருப்புத் தைப்பவர். மட்டையும் பந்தும்கூட அவர் கைவேலைதான்.

முதல் பாக்கி, மட்டையின் அகலம். 1771 செப்டம்பரில் செர்ட்ஸி அணியோடு ஆட்டம். எதிரணியில் ரெய்கேட் ஊர்க்காரர் வைட் என்பவர், ஸ்டம்பையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றார். மட்டை இவ்வளவுதான் இருக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனவே அவர் செய்தது குற்றமும் இல்லை. ஹாம்பிள்டன் 218, செர்ட்ஸி 217. ஒரே ரன்னில் ஹாம்பிள்டன் ஜெயித்தது. ஜெயித்த பிறகுதான், 25ஆம் தேதியன்று, நைரனும் ஸ்மாலும் பந்துவீச்சாளர் பிரெட்டும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்: மட்டையின் அகலம் இனி நாலேகால் அங்குலம். அளந்து பார்க்க இரும்புச் சட்டம் ஒன்றும் செய்து வைத்துக்கொண்டார்கள். தங்கள் புத்தகத்தில் இன்றைக்கும் அதே நாலேகால்தான், 10.8 சென்டிமீட்டர் என்று பக்கத்தில் சேர்த்தது மட்டும் பிற்காலத்து வேலை.

இரண்டாவது பாக்கி, நடு ஸ்டம்ப். 1775இல் லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் அணிக்கு ஐந்து பேராக ஆடிய ஆட்டம். அப்போது ஸ்டம்புகள் இரண்டுதான். எதிரணியின் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மூன்று முறை ஜான் ஸ்மாலைத் தாண்டி, இரண்டு குச்சிக்கும் இடையே புகுந்து போனது. பெயில் விழவில்லை, ஸ்மாலும் அவுட் இல்லை; மிச்ச ரன்களை எடுத்து அணியை ஜெயிக்க வைத்தார். துல்லியமாக வீசியவனுக்குத் தண்டனையா என்று பேச்சு எழுந்து, மூன்றாவது ஸ்டம்ப் வந்தது. செருப்புத் தைப்பவரின் அதிர்ஷ்டத்தில் முளைத்த அந்தக் குச்சி இன்று விளக்கெரிந்து மின்னுகிறது. உள்ளே மைக்கும் கேமராவும் வைத்திருக்கிறீர்கள்.

1777இல் செவனோக்ஸில் இதே கிளப், மொத்த இங்கிலாந்து அணியை ஒரு இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஜேம்ஸ் எய்ல்வர்ட் மட்டும் 167. கிராமத்தான் ஒருவன் இப்படி அடித்தால் பிரபுக்களுக்குக் கை சும்மா இருக்குமா? சர் ஹொரேஷியோ மான் அவரைக் கென்ட்டுக்கு அழைத்துப் போய்த் தம் பண்ணைக்குக் காரியஸ்தராக்கிக்கொண்டார். ஏலம் இல்லாத காலத்து ஏலம்.

ஹாம்பிள்டன் ஒன்றும் குடியானவர்களின் தூய கனவு அல்ல என்று தாங்கள் குறுக்கே பேசலாம். உண்மைதான். சந்தா கட்டியவர்கள் பணக்காரர்கள். 1777 ஆட்டத்துக்குப் பந்தயம் 1000 கினி. ஆடியவர்களுக்குக் கூலி உண்டு. அதனால்தான் அந்தக் கிளப்பின் கதை இப்படி முடிந்தது. எங்கள் தெருவில் மட்டைக்குச் சொந்தக்காரன் வீட்டுக்குக் கிளம்பினால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். அங்கேயும் அதே கதைதான். ஹாம்பிள்டனில் விருந்துண்ட பிரபுக்களில் சிலரே லண்டனில் தாமஸ் லார்டைப் பிடித்து மைதானம் போடச் சொன்னார்கள்; தாங்கள் அவதரித்தீர்கள். 1796ஆம் ஆண்டு ஹாம்பிள்டன் பதிவேட்டின் கடைசிக் குறிப்பு: கனவான்கள் யாரும் வரவில்லை. அதற்குச் சற்று முன்பு நடந்த கூட்டத்துக்கு டாம் பெயின் வந்ததாக அதே பதிவேடு சொல்கிறது. ‘மனித உரிமைகள்’ எழுதியதற்காக இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டு அவர் பிரான்ஸில் இருந்த காலம் அது. யாரோ விளையாட்டாக எழுதியிருக்க வேண்டும். வராதவருக்கே இடம் போட்ட சங்கம் அது. வந்து நிற்பவரை இருபது ஆண்டுக்கு மேல் காத்திருப்புப் பட்டியலில் வைப்பது தாங்கள்.

கிராமத்திலிருந்து விதிகளை எடுத்துக்கொண்டீர்கள், சரி. கூடவே இருந்த புத்தியை ஏன் விட்டுவிட்டீர்கள்? வைட்டை யாரும் துரோகி என்று ஏசவில்லை. ஓட்டை விதியில் இருக்கிறது என்று விதியைத் திருத்தினார்கள். தாங்களோ 2000இல் ‘கிரிக்கெட்டின் ஆன்மா’ என்று ஒரு முன்னுரையே எழுதிச் சேர்த்தீர்கள். 2023 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் பேர்ஸ்டோ கிரீஸை விட்டு நடந்தார், ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் கேரி பந்தால் ஸ்டம்பை அடித்தார். தங்கள் புத்தகப்படி சுத்தமான அவுட். ஆனால் பெவிலியனில் உள்ள லாங் ரூம் வழியே போன ஆஸ்திரேலியர்களைத் தங்கள் உறுப்பினர்களே வசைபாடினார்கள். மூவரை இடைநீக்கம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். ஆன்மாவைக் காவல் காக்கும் வீட்டிலேயே அது இல்லாமல் போயிற்று.

ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. நடு ஸ்டம்ப் சாயும் ஒவ்வொரு முறையும் ஹாம்பிள்டனுக்கு ஒரு ஃபார்திங், 1775 முதல் முன்தேதியிட்டு. கணக்குப் போட ஆளில்லை என்று சொல்லிவிட வேண்டாம். லார்ட்ஸில் ஆடும் லண்டன் ஸ்பிரிட் அணியின் மதிப்பு 29.5 கோடி பவுண்டு என்று கணித்து, 49 சதவீதத்தை 2025இல் வாங்கிய தொழில்நுட்பத் தலைவர்கள் குழுவில் எங்கள் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை இருக்கிறார். தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவர் கம்பெனியின் தொழிலே.

2. லாங் ரூமில் கத்த விரும்பும் உறுப்பினர்களுக்கு 20, 39ஆம் விதிகளில் (டெட் பால், ஸ்டம்பிங்) எழுத்துத் தேர்வு. தேறியவர்களுக்கு மட்டும் கத்த அனுமதிச் சீட்டு.

3. கிராமத்துக்கு இனியும் நினைவுக்கல் வேண்டாம். மைதானத்தருகே 1908இல் நட்ட கிரானைட் தூணே போதும்.

இப்படிக்கு,
நாலேகால் அங்குல மட்டையால் நாளும் ஏமாறும் ரசிகன்.

நகல்:
இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் – தகவலுக்காக.
லார்ட்ஸிலிருந்து 2005இல் துபாய்க்குக் குடிபோன சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் – தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதற்காக.
பேட் அண்ட் பால் மதுக்கடை – மேற்படித் தொகையை எம்.சி.சி. பற்றுக் கணக்கில் எழுதிக்கொள்வதற்காக.