சும்மா இருக்கும் கணினி சும்மா இராமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

திருகோணமலையார் சும்மா இருத்தலின் இலக்கணத்தைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடு மூடி வெறுமையாகக் கிடந்தன. அது தூய சும்மா. பிரெட்ரிக் கோட்டை மான்களோ வேறு வகை. மர நிழலில் கண் செருகிப் படுத்திருக்கும். தாடை மட்டும் அரைத்துக்கொண்டே இருக்கும். இதனை அசைபோடும் சும்மா என்க. கணினி மான் வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுப்பொருள், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும் மடிக்கணினி. வலைத்தளம் கட்டுவது என் தொழில். ஒரு வரியும் எழுதாமல் தேத்தண்ணி குடிக்கும் நேரத்திலும் அதன் விசிறி, மோட்டார் பூட்டிய வள்ளம்போல இரையும். "தம்பி, ஒரு வேலையும் செய்யாமல் இது ஏன் இப்பிடி இளைக்குது?" என்றார் அம்மம்மா. அவருடைய கவலை அறிவியல் சார்ந்ததன்று. இந்த இரைச்சலில் மீன்காரரின் ஹோன் கேட்பதில்லையாம். ஆகவே காலை எட்டு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கொரு தடவை படலையடிக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

இத்துறையில் மூத்த கொள்கை, 'ஓஃப் பண்ணி ஓன் பண்ணு' என்பது. நோய் போகும்; காரணமும் கூடவே போய்விடும். இன்னொரு சாரார் டாஸ்க் மனேஜரைத் திறந்து, 'சிஸ்டம் ஐடில் புரொசெஸ்' 90 சதவீதம் தின்கிறதே என்று அலறுவர். அது தின்ற கணக்கன்று, பட்டினிக் கணக்கு. புரொசெசர் வேலையின்றி இருந்த நேரம். அதைக் கொல்ல முயல்வது தாயுமானவரை வேலைக்கு அனுப்புவதை ஒக்கும்.

தலையாய சான்று 2017 மார்ச்சில் கிடைத்தது. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் கைகட்டி இருந்தவர்களுக்கும் புரொசெசரில் 13 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. குற்றவாளி, கண்சிமிட்டும் கர்சர். விநாடிக்கு இரண்டு மாற்றம் காட்டுவதற்காக, அடியிலிருந்த குரோமியம் விநாடிக்கு 60 தடவை எழும்பித் திரையைத் தீட்டப் போனது. வெளிச்சவீடு ஒருமுறை மின்ன, விளக்குக்காரர் முப்பது முறை ஏணி ஏறி இறங்குவாரா? கர்சரைச் சிமிட்டாமல் நிற்க வைத்தவர்களுக்குச் சூடு தணிந்தது. பிறகு மென்பொருளிலேயே திருத்தினார்கள்.

எங்கள் வீட்டுக் கர்சர் நிரபராதி. பட்டியலின் உச்சியில் நின்றது வி.எம்.மெம். வின்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போட்டுக்கொள்ளும் முகமூடி அது. உள்ளே புகுந்து 'டொப்' கட்டளை கொடுத்தால், நோட் என்றொரு காவலாள் வியர்த்துக்கொண்டிருந்தான். நான் கோப்பைத் திருத்தினால் பக்கத்தைப் புதுப்பிக்க என்று நானே நிறுத்தி வைத்தவன். லினக்ஸில் கோப்பு மாறினால் கேர்னலே தகவல் சொல்லிவிடும். ஐநோட்டிஃபை என்பது அதன் பெயர். மீன்காரரின் ஹோன் என்பது அதன் பொருள். ஆனால் என் கோப்புகள் கிடந்ததோ வின்டோஸின் சி டிரைவில். அங்கே அடிக்கும் ஹோன் இங்கே கேட்காது. அதனால் ஓர் இரவு, தூக்கக் கலக்கத்தில், போலிங் என்ற குறுக்குவழியைத் திறந்துவிட்டிருந்தேன். காவலாள் விநாடிக்குப் பத்துத் தடவை ஒவ்வொரு கோப்பாகத் தட்டி "மாறினாயா? மாறினாயா?" என்று கேட்டபடி இருந்தான். நோட் மொடியூல்ஸ் கோப்புறையில் ஆயிரக்கணக்கில் கிடப்பவற்றை நான் பிறந்த நாள்முதல் தொட்டதில்லை. அவற்றையும் விடவில்லை.

காவலாள் எட்டிப் பார்த்ததால் விசிறி இரைந்தது. விசிறி இரைந்ததால் அம்மம்மா எட்டிப் பார்த்தார். ஒரு போலிங் மற்றொரு போலிங்கை ஈன்றது. இதை முதலில் பதிவு செய்தவன் நானே எனக் கொள்க.

கோப்புகளை லினக்ஸின் பக்கத்துக்குக் குடிபெயர்த்தேன். போலிங்கை நிறுத்தி, நோட் மொடியூல்ஸைப் பாராதே என்றும் எழுதி வைத்தேன். தேத்தண்ணி ஆறுமுன் விசிறி அடங்கிவிட்டது. மறுநாள் ஹோன் ஒழுங்கை முடக்கிலேயே கேட்டது; சூரை ஒரு கிலோ வாங்கினோம்.

எனினும் அம்மம்மா பத்து நிமிடத்துக்கொரு தடவை படலையடிக்குப் போவது குறையவில்லை. மேலும் அவதானித்ததில், எதிர்வீட்டு மாமியும் அதே இடைவெளியில் தன் படலைக்கு வந்துபோவது தெரியவந்தது.