கொட்டாங்குச்சிப் பச்சை

உப்பளத்தை ஒட்டிக் குடியிருக்கும் மரக்காணத்துக்காரர்களுக்கு இரும்பு என்பது கைமாற்றாக வந்த பொருள்தான். சைக்கிளோ சன்னல் கம்பியோ கிணற்று ராட்டினமோ, பாத்திகளைத் தடவிக்கொண்டு வருகிற காற்று தன் பங்கை வாங்காமல் போனதில்லை. அதனால் பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்த கையோடு இரும்புக்கு எனாமல் அடிப்பதும் அந்தக் காலத்தில் வீட்டு வழக்கம். பெயின்ட் கடைச் சுவரில், ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த ஏஷியன் பெயின்ட்ஸ் குறும்புப் பையன் டப்பாவும் பிரஷ்ஷுமாக நிற்பான். அவனுக்குக் கீழே கறுப்பு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு, அவ்வளவுதான் உலகத்து நிறங்கள்.

மீசை அரும்பிய அந்த வயதில், அப்பாவின் ஹெர்குலிஸை ஊரில் யாரிடமும் இல்லாத நிறத்துக்கு மாற்றிவிட்டால் வாழ்க்கையில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று திடமாக நம்பினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, கொட்டாங்குச்சியில் நீலத்தையும் மஞ்சளையும் ஊற்றி வேப்பங்குச்சியால் கலக்கினால், இரண்டும் சேர மனமில்லாமல் வரிவரியாகச் சுழன்று, பிறகு சட்டென்று ஒரு பச்சை பிறக்குமே, அதற்கு நான் மட்டுமே சொந்தக்காரன். இரண்டாம் கை பூசும்போது அது வேறு பச்சையாகிவிடும் என்பது வேறு விஷயம். நீங்களும் கலக்கியிருப்பீர்கள், டர்பன்டைன் மணக்கும் கையாலேயே சோறும் தின்றிருப்பீர்கள். காயும்வரை திண்ணையில் காவல் இருந்தும், கொஞ்சம் மணலும் ஒரு கொசுவும் ஃபிரேமில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். பளபளப்பு அடுத்த பொங்கல் வரை இருந்தால் ஊரே வியக்கும்.

இப்போது பணி ஓய்வுக்குப் பிறகு, காயலான் கடையில் பழைய சைக்கிள், அரிக்கேன் விளக்கு, மடக்கு நாற்காலி என்று பொறுக்கிவந்து புதுப்பிப்பதுதான் பொழுதுபோக்கு. பிரஷ்ஷைத் தொடுவதில்லை, எல்லாம் பவுடர் கோட்டிங். துருவை உரித்து, எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட இரும்பின்மேல் மின்னேற்றிய பொடியைத் துப்பாக்கியால் அடித்தால் பின்பக்கமும் வளைந்துபோய்க் கவ்விக்கொள்ளும். 180, 200 டிகிரி அடுப்பில் பத்து இருபது நிமிஷம் இருந்தால் உருகிப் பரவி, வெளியே வரும்போது முகம் பார்த்துத் தலை வாரலாம். கொசுவுக்கு வாய்ப்பே இல்லை. வெளியில் வைக்கிற சாமானுக்கு எபாக்சி வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும், பாலியெஸ்டர் போடுங்கள் என்று பிறருக்கு உபதேசிக்கிற அளவுக்குத் தேறியும் விட்டேன். பூச்சு உப்பைத் தாங்குமா என்று பார்க்க, ஆய்வகத்தில் ஒரு பெட்டிக்குள் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலை மூடுபனியாகத் தூவுகிறார்கள். எங்களைக் கேட்டிருந்தால் திண்ணையைச் சும்மாவே கொடுத்திருப்போம்.

வேடிக்கையெல்லாம் நிறம் தேர்ந்தெடுப்பதில்தான். 1927இல் ஜெர்மனியில் 40 நிறத்தோடு தொடங்கிய ரால் அட்டை இன்று 200ஐத் தாண்டிவிட்டது. அதை விசிறியாக விரித்து இரவெல்லாம் யோசித்து, 5010, ஆழ்ந்த நீலம், கிளாஸ் என்று முடிவோடு புதுச்சேரித் தொழிற்பேட்டைக்குப் போனால், பட்டறைத் தம்பி அட்டையைப் பார்ப்பதேயில்லை.

"இன்னிக்கு கிரே ஓடுது சார். நாளைக்கு ஒரு கேட்டு வருது, பிரவுன். அதோட சேத்து அடிச்சிடட்டுமா?"

ஒரு சைக்கிளுக்காக ஒரு பெட்டிப் பொடி வாங்குவதும், துப்பாக்கியைக் கழுவி நிறம் மாற்றுவதும் யாருக்கும் கட்டுப்படியாகாது. நீலத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்து பச்சையாவது செய்யலாமே என்றேன். சிரித்தான். "பொடி அப்படிக் கலக்காது சார், ஒவ்வொரு துகளும் அதது நிறத்துலயே உருகும். புள்ளி புள்ளியா வரும்."

ஐந்து டப்பாவில் கணக்கில்லாத பச்சைகளைக் கண்டவன், 200 நிறங்களைக் கையில் வைத்துக்கொண்டு கிரேயா பிரவுனா என்று நிற்கிறேன். கீறல் விழுந்தால் அதன் வழியே உப்பு நுழைந்து பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். அதற்கென்று ஒரு சின்ன எனாமல் டப்பா பரணில் இன்னும் இருக்கிறது.

நீல கேட் யாராவது கேட்டால் கூப்பிடச் சொல்லித் தம்பியிடம் நம்பர் கொடுத்திருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பங்களா கட்டுகிற புண்ணியவான்களோ எல்லாரும் கிரே பித்தாகவே அலைகிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் கேட்டுக்கு 5010ஐ யோசியுங்கள். வாஸ்துப்படியும் விசேஷம் என்று நானே சொல்லிவைக்கிறேன்.