நாற்காலியை விடாமலிருப்பது எப்படி? மகாதீர் வழிக் கையேடு

பதவிக்கு வருவது எப்படி என்று சொல்லித்தர ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். வந்தபின் போகாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, மலேசியாவின் டாக்டர் மகாதீர் முகமதுவின் தேர்தல் வாழ்க்கையைப் பாடநூலாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் தேர்தல் 1964, கடைசித் தேர்தல் 2022. நடுவே ஒரு தடவை 22 ஆண்டுகள், இன்னொரு தடவை 22 மாதங்கள் பிரதமர். இதைவிடத் தகுதியான ஆசான் கிடைப்பது கடினம்.

அடிப்படை விதி ஒன்றுதான்: வாக்காளர் கடைசியில் வருகிறவர். அவருக்கு முன்னால் சமாளிக்க வேண்டியவர்கள் உங்கள் பந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாடம் 1: சீக்கிரமே ஒரு தடவை தோற்றுவிடுங்கள்

தோல்வி இளமையில் வந்தால் அனுபவம், முதுமையில் வந்தால் அவமானம். 1969ல் கெடாவின் கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில் பாஸ் கட்சியின் யூசோஃப் ராவாவிடம் மகாதீர் 989 ஓட்டில் தோற்றார். சீன வாக்காளர்கள் பாஸ் பக்கம் சாய்ந்ததே காரணம் என்று கணக்குச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் மே 13 இனக்கலவரம். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. பிரதமர் துங்கு அப்துல் ரகுமானைச் சாடிக் கடிதம் எழுதினார், தன் கட்சியான அம்னோவிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ஒரு புத்தகம் எழுதினார், அது தடை செய்யப்பட்டது. 1981ல் அவரே பிரதமராகித் தடையை நீக்கிக்கொண்டார். நூலாசிரியர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பாடம் 2: எதிராளியே இல்லாத தொகுதியாகப் பாருங்கள்

1972ல் மீண்டும் கட்சிக்குள் வந்தார். 1974 பொதுத்தேர்தலில் குபாங் பாசுவில் போட்டியின்றித் தேர்வு. வாக்காளரைத் தொந்தரவு செய்யாமலே நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்து, அந்த ஆண்டே கல்வியமைச்சர். 1976ல் துணைப்பிரதமர், 1981 ஜூலையில் பிரதமர்.

பாடம் 3: கட்சித் தேர்தலில் கூட்டல் கழித்தல் பழகுங்கள்

பொதுத்தேர்தலில் அவர் கூட்டணியான தேசிய முன்னணி 1982ல் 154க்கு 132, 1986ல் 177க்கு 148 என்று வாரிக்கொண்டு வந்தது. அங்கே கணக்கே போட வேண்டியதில்லை. கணக்குத் தேவைப்பட்ட இடம் 1987 ஏப்ரலில் அம்னோ பேரவை. தலைவர் பதவிக்கு எதிர்த்து நின்றவர் அவர் அமைச்சரவையிலேயே இருந்த தெங்கு ரசாலி. மகாதீருக்கு 761, ரசாலிக்கு 718. ஒரு நாட்டின் தலைவிதி 43 பேராளர்களின் கையில் தொங்கியது. 43 என்பது குறைந்த எண்ணிக்கை என்று நினைப்பவர்கள் அரசியலுக்குப் புதியவர்கள். தேவை ஒன்று, வந்தது 43.

பாடம் 4: கட்சியே காணாமல் போனால் பதறாதீர்கள்

தோற்ற அணியைச் சேர்ந்த சிலர் நீதிமன்றம் போனார்கள். பதிவு செய்யாத கிளைகளிலிருந்து பேராளர்கள் வந்து ஓட்டுப் போட்டதால் தேர்தல் செல்லாது என்பது வழக்கு. 1988 பிப்ரவரியில் நீதிபதி ஹாருன் ஹாஷிம் அதையும் தாண்டிப் போனார்: அப்படியென்றால் அம்னோவே சட்டவிரோதச் சங்கம் என்றார். சாதாரண ஆள் தலையில் கைவைத்திருப்பார். நம் ஆசான் ‘அம்னோ பாரு’ என்று புதுக்கட்சியைப் பதிவு செய்துவிட்டு, யாரை உள்ளே விடுவது என்பதையும் தானே முடிவு செய்தார். புதுக்கட்சியின் விதியில் ஒரு நயம் சேர்ந்தது: தலைவர் பதவிக்கு ஒரு தொகுதி உங்களை முன்மொழிந்தால், அந்த முன்மொழிவே பத்து ஓட்டு போனஸ். அதற்குப்பிறகு 2003 வரை அவரை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு ஒருவரும் நிற்கவில்லை. ஜனநாயகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் இரண்டு உபவேலைகள்: 1987 அக்டோபரில் ‘ஓப்பராசி லாலாங்’ என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை விசாரணையின்றி உள்ளே வைப்பதும் மூன்று பத்திரிகைகளின் உரிமத்தைப் பறிப்பதும் ஒன்று. 1988ல் தலைமை நீதிபதி சாலே அபாஸ் பதவியிழப்பது மற்றொன்று.

பாடம் 5: தேதியும் பட்டியலும் உங்கள் கையில் இருக்கட்டும்

1990ல் ரசாலி தனிக்கட்சி கண்டு, எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். வாக்குப்பதிவு நெருங்கும் நேரத்தில், சபா மாநிலத்தில் அவருக்கு அணிவித்த கடசான் இனத்தவரின் தலைப்பாகையில் சிலுவை போன்ற வடிவம் தெரிகிற படம் மலாய்ப் பத்திரிகையில் பெரிதாக வந்தது. பெரிய பத்திரிகைகள் ஆளும் கட்சிகளின் கையில் இருந்தால் இப்படிப் படங்கள் தாமாகவே கிடைக்கும். தேசிய முன்னணிக்கு ஓட்டு சுமார் 53 சதவீதம், இடங்கள் 180க்கு 127. இந்த இடைவெளிக்குத்தான் தொகுதி வரையறை என்று பெயர்.

1999 இதைவிட நுட்பம். துணைப்பிரதமராக இருந்த அன்வார் இப்ராகிமின் பதவிநீக்கத்தால் தெரு கொதித்துக் கொண்டிருந்தது. நவம்பர் 20 வேட்புமனு, 29 வாக்குப்பதிவு. அந்த ஆண்டு புதிதாகப் பதிந்துகொண்ட சுமார் 6,80,000 பேரின் பெயர் பட்டியலில் ஏறும் முன்பே தேர்தல் முடிந்துவிட்டது. அப்படியும் அம்னோ 72 இடமாகச் சுருங்கியது. கைகொடுத்தது கூட்டணியின் சீனர் கட்சியான ம.சீ.ச.வும், இந்தியர் கட்சியான சாமிவேலுவின் ம.இ.கா. கொண்டுவந்த 7 இடங்களும்தான். முப்பது ஆண்டுக்கு முன் தன்னைத் தோற்கடித்ததாகச் சொல்லப்பட்ட சீன ஓட்டு, இப்போது காப்பாற்றியது.

பாடம் 6: துணைவரை வளருங்கள், வளர விடாதீர்கள்

துணைப்பிரதமர் மூசா ஹித்தாம் 1986ல் தாமே விலகினார். கஃபார் பாபா 1993ல் அன்வாருக்கு வழிவிட்டார். அன்வார் 1998 செப்டம்பரில் நீக்கப்பட்டுச் சிறைக்குப் போனார், காவலில் அடிபட்டுக் கண் கறுத்தது. நான்காவதாக அப்துல்லா படாவிக்கு 2003ல் நாற்காலி கிடைத்தது. கிடைத்தபின் ஆசான் ஓய்வாகச் செய்த வேலை, கொடுத்தது தப்பு என்று ஊரெல்லாம் சொன்னது. விலகும்போது கண்ணீரும் கைவசம் வேண்டும். 2002 ஜூனில் அம்னோ பேரவையில் மேடையிலேயே அழுது விலகல் அறிவித்தார். பதினாறு மாதம் கழித்துத்தான் போனார்.

பாடம் 7: உங்கள் ஆயுதம் உங்கள் மேல் பாயும்போது முகம் சுளிக்காதீர்கள்

அப்போதைய பிரதமர் நஜிப்பை வீழ்த்த 2016ல் அம்னோவை விட்டு வெளியேறிப் பெர்சத்து கட்சியைத் தொடங்கினார். 2018 ஏப்ரலில் சங்கப் பதிவிலாகா அதைத் தற்காலிகமாகக் கலைத்தது. விளம்பரப் பலகையில் அவர் முகம் விதிக்குப் பொருந்தாது என்று அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். தொகுதி வரையறை அவருக்கு எதிராகத் திரும்பியது. பொதுச் சின்னமாக அன்வார் கட்சியின் சின்னத்தில் நின்றார். அதிலிருப்பது அன்வாரின் அடிபட்ட கண் என்று மக்கள் சொல்வார்கள்.

எல்லாச் சாவியும் எதிராளி கையில் இருக்கும்போது மிஞ்சுவது வாக்காளர் மட்டுமே. மே 9 அன்று அவர்கள் கைகொடுத்தார்கள். பக்காத்தான் ஹராப்பானுக்கு 113, தோழமையான வாரிசானுக்கு 8; அவையின் மொத்த இடங்கள் 222. தொண்ணூற்றிரண்டு வயதில் மறுநாள் இரவு பதவிப்பிரமாணம். நன்றிக்கடன் இப்படித் தீர்ந்தது: அன்வாருக்கு நாற்காலி உண்டு, தேதி மட்டும் இல்லை என்று இழுத்துக்கொண்டே போய், 2020 பிப்ரவரி 24ல் ராஜினாமா. ஒரு வாரத்தில், ஒரு வாக்குச்சீட்டும் அச்சாகாமல், வேறொருவர் பிரதமர்.

சந்தேகங்களும் விளக்கங்களும்

டெபாசிட் எப்போது திரும்பும்?
பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்காவது வாங்கினால். 2022ல் லங்காவியில் 97 வயதில் நின்ற ஆசான் வாங்கியது 4,566; டெபாசிட் திரும்பவில்லை. ஐந்து பேரில் நான்காம் இடம். அந்தத் தீவை 1987ல் சுங்கவரியில்லாத் தலமாக்கியவர் அவர்தான்.

யாரிடம் தோற்றார்?
பெர்சத்து வேட்பாளரிடம். ஆம், அவரே தொடங்கிய கட்சி.

அன்வார் என்ன ஆனார்?
அதே தேர்தல் முடிந்த ஐந்தாம் நாள் பிரதமரானார்.

இத்தனை பாடமும் கரைத்துக் குடித்தவர் ஏன் தோற்றார்?
லங்காவியில் அன்று பேராளர் இல்லை, பதிவிலாகா கையில் இல்லை, விரட்டத் துணைவர் இல்லை, தேதியும் அவர் குறித்ததல்ல. எதிரே வாக்காளர் மட்டும் இருந்தார். அவரைச் சமாளிக்கும் பாடம் இந்தக் கையேட்டில் சேர்க்கப்படவில்லை.