வரப்போகும் காரின் உபாசகர்

ஓஹையோவிலோ நியூ ஜெர்ஸியிலோ ஏதோ ஒரு புறநகர்த் தெருவில், வீட்டுக் கடனில் பாதியைத் தீர்த்து, தலைமயிரில் பாதியைத் தோற்று, நாற்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு வகைக் கனவானை நீங்கள் சந்திக்க நேர்ந்தால், அவரிடம் கார்களைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டீர்களானால் அன்று மாலை உங்களுக்கு வேறு ஜோலி எதுவும் கிடையாது என்று நிச்சயம் செய்துகொள்ளலாம். அவர் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கத்தான் நிற்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் வாய் ஓயாமல் வர்ணிப்பதெல்லாம், இன்னும் தொழிற்சாலையை விட்டு வெளியே வராத, விலை நிர்ணயமாகாத, வரும் என்பதற்கே ஒரு மங்கலான புகைப்படத்தைத் தவிர வேறு அத்தாட்சி இல்லாத ஒரு காரைத்தான்.

அந்தக் கார் எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு ஸ்திரமான அபிப்பிராயங்கள் உண்டு. அது சிறியதாக இருக்கவேண்டும், ஆனால் அற்பமாக இருந்துவிடக் கூடாது. சொகுசாக இருக்கவேண்டும், ஆனால் அந்தச் சொகுசினால் ஒரு கிலோ எடைகூட ஏறிவிடக் கூடாது. கதவு இரண்டே இரண்டு. முன்புறம் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். அதன் பலம் முழுவதும் பின் சக்கரங்களுக்கு. கியர் மாற்றும் அதிகாரம் ஓட்டுகிறவரின் வலது கைக்கும் இடது காலுக்கும். இவ்வளவையும் மியூனிக் நகரத்து பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் செய்து முடித்து, ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவருடைய எளிய பிரார்த்தனை.

இந்தப் பிரார்த்தனைக்குப் பூர்வோத்தரம் ஒன்று உண்டு. அதை அவர் வாயால் கேட்காமல் தப்புவது துர்லபம். 1960-களில் அந்தக் கம்பெனியில் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாஸன் என்ற எஞ்சின் நிபுணரும், ஹெல்முட் வெர்னர் போன்ஷ் என்ற மற்றோர் உயர் அதிகாரியும் இருந்தார்கள். கம்பெனி அப்போது விற்றுக்கொண்டிருந்த சிறிய 1600 காரில், பெரிய காருக்கென்று செய்த இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினால் எப்படியிருக்கும் என்ற சபலம் இருவருக்கும் தனித்தனியே உண்டாகி, ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல் சொந்த உபயோகத்துக்காக அப்படியே ஆளுக்கொன்று செய்துகொண்டார்கள். இரண்டு கார்களும் ஒரே சமயத்தில் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதே காலத்தில் நியூ யார்க்கில் இருந்த இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன், சிறிய காரில் இன்னும் வேகம் வேண்டும் என்று மியூனிக்கை நச்சரித்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு சங்கதிகளும் சேர்ந்து 1968-இல் 2002 என்ற கார் பிறந்தது. 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகையில் டேவிட் ஈ. டேவிஸ் என்ற எழுத்தாளர், மாதா கோயிலில் பிரசங்கம் செய்கிறவரின் தோரணையில், தலைப்பிலேயே தோத்திரப் புத்தகத்தை இழுத்து, அதற்கு ஒரு ஸ்துதி எழுதினார். நம்மவர் அப்போது பிறக்கவேயில்லை. ஆயினும் அந்தப் பட்டறையின் ஓரத்தில் எண்ணெய்த் துணியோடு தாமே நின்றுகொண்டிருந்ததைப் போலத்தான் இதைச் சொல்லுவார். வாடிக்கைக்காரர் யாரும் கேட்காமல், கமிட்டி எதுவும் கூடாமல், இரண்டு பெரிய மனிதர்கள் தங்கள் ஆசைக்குச் செய்துகொண்ட வண்டி என்பதுதான் இதில் உள்ள ரசம். அந்த ரசத்தை நானும் மறுக்கவில்லை.

1973-ஆம் வருஷத்து 2002 டர்போவைப் பற்றி ஆரம்பித்தாரானால் மட்டும் குரல் சற்றுத் தழுதழுக்கும். ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்த அந்தக் காரின் முன்புறத் தாடையில் அதன் பெயரை இடவலம் மாற்றிக் கண்ணாடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்; முன்னால் போகிறவர் தம் கண்ணாடியில் அதைச் சரியாக வாசித்து, மரியாதையாக ஒதுங்கி வழி விடவேண்டும் என்பது தாத்பரியம். அந்த ஆண்டின் கடைசியிலேயே எண்ணெய் நெருக்கடி வந்து, பெட்ரோலுக்கே திண்டாட்டமாகிவிட்டபடியால், 1,672 வண்டிகளோடு அந்த அகங்காரம் அடங்கிப்போயிற்று.

பிறகு 2011-இல் '1 சீரிஸ் எம் கூப்பே' வந்தது. எம்1 என்ற சுருக்கப் பெயரை 1978-இலேயே வேறொரு காருக்குச் சூட்டிவிட்டார்கள் ஆகையால், இந்தக் குட்டிக்கு இவ்வளவு நீளமான நாமகரணம். மூன்றே வர்ணங்கள், மேனுவல் கியர் மட்டும், 340 குதிரைத்திறன், 2,700 வண்டிகள் செய்வதாக உத்தேசித்து, கடைசியில் 6,309 செய்தார்கள். அப்போது நம்மவர் வாங்கவில்லை. கம்பெனியின் பந்தயப் பிரிவு தனக்கென்று வார்த்த எஞ்சின் அல்ல, மற்ற மாடல்களில் இருப்பதையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய ஆக்ஷேபணை. இன்று அதே கார் புதிதாக விற்ற விலைக்கு மேல் கைமாறுகிறது. அதைப் பற்றி இப்போது கேட்டால், மேதைகளின் சிருஷ்டி என்பார். எஞ்சினைப் பற்றிய பேச்சு காணாமற்போயிருக்கும். 2015 அக்டோபரில் அதன் வாரிசாக 370 குதிரைத்திறனோடு எம்2 அறிவிக்கப்பட்டபோதும் இதே ஆக்ஷேபணையை அட்சரம் பிசகாமல் எழுப்பிவிட்டு, அடுத்த எம்2-வுக்குக் காத்திருக்கலானார்.

இப்படிக் காத்திருக்கும் காலத்தில் அவரைப் பார்ப்பதற்கு, பெண் வீட்டிலிருந்து ஜாதகம் வந்த அன்று நம் ஊர்ப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாரே, அப்படி இருக்கும். எஃப்87, ஜி87, என்55, எஸ்58 என்று அவர் உதிர்க்கும் குறிகள் நமக்கு நாலெழுத்தானாலும் அவருக்கு நட்சத்திரமும் பாதமும். இன்ன அடித்தளத்தில் இன்ன எஞ்சின் அமர்ந்தால் இன்ன யோகம் என்று பலன் சொல்லுவார்.

ஜாதகத்தோடு புகைப்படமும் வரவேண்டுமல்லவா? ஜெர்மனியில் ஐஃபெல் மலைப் பிரதேசத்தில் நூர்பர்க்ரிங் என்று 1927-இல் திறந்த பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோமீட்டர். காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் வளைந்தும் போகிற அந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்காமல் பெரிய கம்பெனிகள் பலவும் வேகமான காரை விலைக்கு விடுவதில்லை. குளிர்காலமானால் ஸ்வீடனின் வடகோடியில், உறைந்த ஏரிகளின் மேல் சோதனை நடக்கும். இரண்டு இடங்களிலும் வண்டியின் உடம்பு முழுவதும் கறுப்பும் வெளுப்புமாகச் சுழிசுழியாக அச்சிட்ட உறை ஒட்டப்பட்டிருக்கும். மேட்டையும் மடிப்பையும் காமிராவின் கண் பிரித்தறியாதிருக்கச் செய்த தந்திரம். அதுவும் போதாதென்று பொய்ப் பிளாஸ்டிக் தகடுகளை அங்கங்கே திருகி வைத்து, இல்லாத கன்னத்தையும் இல்லாத இடுப்பையும் உண்டாக்குவார்கள். இந்த மாறுவேஷத்தைப் படம் பிடித்து விற்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட புகைப்படக்காரர்கள், நீண்ட லென்ஸோடு புதர் மறைவில் பனியிலும் மழையிலும் பழி கிடப்பார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று நம்மவரின் காலைச் சிற்றுண்டி வேளையில் வந்து சேர்ந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், கார் மறைந்து சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டுமே மிஞ்சும் வரையில் பெரிதாக்கினார். முன்கண்ணாடிக்கு அப்பால், சோதனை ஓட்டுநரின் வலது தோள் சற்றே தாழ்ந்திருந்தது. தோள் தாழ்ந்திருக்கிறதென்றால் கை கீழே போயிருக்கிறது. கை கீழே போயிருக்கிறதென்றால் அது கியர்க் கழியின் மேல்தான் இருக்கிறது. ஆகவே மேனுவல் கியர் நிச்சயம்! அந்த ஓட்டுநர் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்திருக்கலாமே என்று குதர்க்கம் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு தோளை நம்பி அந்த மனிதர் பல வாரங்கள் ஆனந்தமாக இருந்தார்.

எஞ்சினில் ஏன் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும் என்று யாராவது தவறிக் கேட்டுவிட்டால், சாப்பாட்டு மேஜையிலேயே பாடம் தொடங்கிவிடும். ஆறு கரண்டிகளை வரிசையாக அடுக்கி, முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், நடுவிலுள்ள இரண்டும் என்று ஜோடி ஜோடியாக ஏற்றி இறக்கி, ஒன்றின் உதறலை மற்றொன்று எவ்வாறு தின்றுவிடுகிறது என்று நிரூபிப்பார். விஷயம் வாஸ்தவமானதே, அந்த அமைப்புக்கு அதிர்வை அடக்கும் தனித் தண்டு எதுவும் தேவையில்லை. ஆனால் சூப் ஆறிக்கொண்டிருக்கும், கரண்டிகளோ அனைத்தும் அவர் வசம் இருக்கும். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர்கூட ஒரு தடவை இந்தப் பாடத்தைக் கேட்டு, மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவராகையால் மிகுந்த சிரத்தையோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மனைவி இந்த ஆராதனைக்கு விரோதி அல்ல. நடைமுறைச் சந்தேகங்கள் மட்டும் உள்ளவர்.

"பின் சீட்டில் யார் உட்காருவதாம்?" என்றார் ஒரு நாள். பதின்மூன்று வயதுப் பையன் அப்போதே அப்பாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டான்.

"இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம் என்று கம்பெனிக்காரனே போட்டிருக்கிறான்."

"போட்டவன் உட்கார்ந்து பார்த்தானாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மையார் துணி மடிக்கப் போய்விட்டார்.

2022 அக்டோபரில் கார் தரிசனம் தந்தது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், 460 குதிரைத்திறன், பின் சக்கர ஓட்டம், தானியங்கிக் கியர் வேண்டாம் என்பவர்க்கு மூன்று மிதிகளோடு மேனுவல் கியர். எஞ்சினும் கம்பெனியின் பந்தயப் பிரிவு தன் கையால் வார்த்ததே. ஆக, முந்தைய ஆக்ஷேபணைக்கும் இடமில்லை. அமெரிக்காவில் அப்போது விலை 62,200 டாலரிலிருந்து ஆரம்பம். வேண்டிய வரங்களில் விலையைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நம்மவர் முகத்தில் ஈ ஆடவில்லை. எடை 1,700 கிலோவாம்! பழைய எம்2-வும் அதற்கு முந்திய குட்டியும் 1,500-ஐ ஒட்டி இருந்தன. மூலபுருஷரான 2002-வோ சுமார் ஆயிரந்தான். முன்புறத்துக் காற்று வாய்களைப் பார்த்தால் குழந்தைகள் விளையாட்டுக் கட்டைகளை வைத்துக் கட்டியதுபோல் சதுரம் சதுரமாக இருக்கின்றன. குளிர்சாதனத்தின் திருகுகள் எல்லாம் திரைக்குள் போய்விட்டன. முந்தைய எம்2-வை லைப்ஸிக்கில் செய்தார்கள். இதை மெக்ஸிகோவில் ஸான் லூயிஸ் பொடோஸியில் செய்கிறார்கள். அவருடைய சொந்தக் கைப்பேசியும் காலணியும் எங்கே செய்தவை என்று அவர் விசாரித்ததில்லை. ஆனால் இந்தக் கார் மட்டும் ஜெர்மன் மண்ணைத் தொட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். தானியங்கிக் கியரோடு அந்தக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.1 வினாடியில் எட்டிற்று, கையால் மாற்றினால் 4.3 என்ற கணக்கு ஒன்றுதான் அவருக்கு ஆறுதல், அந்த 0.2 வினாடியைக் கலைக்காகத் தியாகம் செய்யச் சித்தமாக இருப்பதாக அவர் அறிவித்தார். காரியாலயத்துக்குப் போகும் வழியில், ஒரு பாலத்தின் அடியில் மாத்திரம் தினமும் கால் மணி நேரம் நெரிசலில் நிற்கிறவர் அவர்.

இருந்தாலும் ஒரு சனிக்கிழமை விற்பனைக் கூடத்துக்குப் போனார். அங்குள்ள சிப்பந்தி இந்த இனத்தாரை நெடுநாளாக அறிந்தவர். வாசற்கதவைத் திறக்கும் விதத்திலேயே வாங்குகிறவர் யார், வியாக்கியானம் செய்ய வருகிறவர் யார் என்று கண்டுகொள்ளுவார். நம்மவர் காரின் அடியில் குனிந்து பார்த்து எழுந்திருப்பதற்குள், பல் வைத்தியர் ஒருவர் உள்ளே நுழைந்து, "இந்த நீலம் நன்றாயிருக்கிறதே" என்றார். அது ஸாண்ட்ஃபூர்ட் நீலம் என்றும், ஹாலந்து தேசத்துப் பந்தயப் பாதையின் பெயர் என்றும், எஞ்சின் எஸ்58 என்றும் நம்மவர் அவருக்கு எடுத்துரைத்தார். "அப்படியா?" என்று பல் வைத்தியர் உபசாரமாகக் கேட்டுக்கொண்டு, அரை மணியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தானியங்கிக் கியர்தான்.

காரை நேசிக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு அநியாயமாகத் தோன்றினாலும், அது இல்லாவிட்டால் இந்தத் தொழில் நடக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. பல் வைத்தியர் ஆயுளில் ஒரு தடவையும் கிளட்ச் மிதிக்காகக் கடிதம் எழுதப் போவதில்லை. இந்த நாளிலும் அந்த மிதி பிழைத்திருக்கிறதென்றால், காலணா கொடுக்காமல் கூச்சல் மட்டும் போட்ட இந்தக் கனவான்களின் தொண்டைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தக் கூச்சலுக்குக் கம்பெனியார் சம்பளம் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

2025 மே மாதம் எம்2 சிஎஸ் என்ற விசேஷப் பதிப்பை அறிவித்தார்கள். 530 குதிரைத்திறன், கூரையும் பின்மூடியும் கார்பன், எடையில் ஏறக்குறைய முப்பது கிலோ குறைவு. அவர் எத்தனையோ காலமாக மன்றாடிய எடைக் குறைப்பு அல்லவா இது! ஆனால் மேனுவல் கியர் கிடையாது, தானியங்கி மட்டுமே. செய்தி வந்த வேளையில் அவர், பையனை அழைத்துப்போவதற்காகப் பள்ளிக்கூட வாசலில் குடும்பத்தின் பெரிய காரோடு வரிசையில் காத்திருந்தார். உடனே கைப்பேசியை எடுத்து, ஓட்டுதல் என்னும் கலைக்கு இழைக்கப்பட்ட மகத்தான துரோகம் என்று மியூனிக் கம்பெனியாருக்கு ஒரு கண்டனக் கடிதத்தைத் தொடங்கிவிட்டார். வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பிரேக்கிலிருந்து வலது காலைச் சற்றே எடுக்கும்போதெல்லாம் அந்தத் தானியங்கி வண்டி தானாகவே ஊர்ந்து ஊர்ந்து முன்னேறிற்று. நடுநடுவே நிற்கும் அவகாசத்தில், இரண்டு கைகளும் ஒழிந்திருந்தபடியால், கடிதம் மூன்றாவது பக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.