மூழ்கினால்தான் மவுசு

1622 செப்டம்பரில் புளோரிடா அருகே புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல் அட்டோச்சா. அதன் பெரும் வெள்ளிக் குவியலை புதையல் தேடுபவரான மெல் ஃபிஷரின் குழு 1985இல் கண்டெடுத்தது. தென் அமெரிக்காவின் பொட்டோசி முதலிய அக்கசாலைகளில் சுத்தியலால் அடித்த எட்டு ரியால் காசுகள் அதில் ஏராளம். வட்டம் என்பது அவற்றுக்கு வெறும் உத்தேசம். உப்புநீர் அரித்து எடை குறைந்தது, விலையோ ஏறியது. இன்று அவை பதக்கமாகித் தங்கச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. வெள்ளியைத் தாங்குவது தங்கத்தின் தலையெழுத்து. அரிப்பின் அளவைப் பார்த்துத் தரம் பிரித்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் தொலைந்தால் காசின் மதிப்பு இரண்டாம் முறை மூழ்கும். வசதி குறைந்தவர்களுக்கு, மீட்ட வெள்ளிப் பாளத்தை உருக்கி அச்சிட்ட நகல் காசு கிடைக்கும். காசு புதுசுதான், வெள்ளி மட்டும் முறைப்படி மூழ்கி எழுந்தது.