குறிஞ்சியில் கடை, முல்லையில் வியாபாரம்

பகாங் மாநிலம் கேமரன் மலையில், பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே இருக்கிறது திரிங்காப். சின்ன ஊர். சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், அப்பால் தேயிலை. தொல்காப்பியர் வந்து பார்த்தாலும் குறிஞ்சி நிலம் என்றுதான் எழுதிக்கொள்வார். யானை நிற்கவேண்டிய இடத்தில் காய்கறி லாரி நிற்கிறது, அவ்வளவே. இப்படியோர் ஊரில் கைப்பேசியில் கடை திறப்பவர் என்னென்ன தவறு செய்யக்கூடாது என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பத்துத் தவறு, பன்னிரண்டு தவறு என்று ஆளுக்கொரு கணக்கு. அத்தனையும் ஒரே தவறின் கிளைகள், அந்த ஒன்றும் திணைக் குழப்பத்தால் வருவது என்பது இக்கட்டுரையின் துணிபு. இணையத்தில் கடை போடுபவர் தாம் குறிஞ்சித் திணையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். அவர் மாட்டிக்கொண்டிருப்பது முல்லையில்.

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், சிறுபொழுது யாமம். ஷோப்பியும் லாசாடாவும் 11.11, 12.12 என்று நடத்தும் மலிவு விற்பனைகள் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதைத் தற்செயல் என்று சொல்பவர் இலக்கணம் படிக்காதவர். முன்பின் அறியாத இருவர் யாமத்தில் சந்திக்கிறார்கள். ‘டிங்’ என்ற ஒற்றை ஒலியோடு களவு முடிந்துவிடுகிறது. ஆர்டர் விழுந்ததும் விற்பவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறார். வாங்கியவருக்கு அப்போதுதான் முல்லை தொடங்குகிறது. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அந்தக் காலத்துத் தலைவிக்குக் காத்திருக்கும்போது கேட்க விரிச்சி இருந்தது. கிள்ளானில் காத்திருக்கும் அம்மாவுக்கு டிராக்கிங் எண் இருக்கிறது. நற்சொல் எதையும் அது சொல்வதில்லை. முல்லையின் பெரும்பொழுதான காரை ஆவணி, புரட்டாசி என்பார்கள். கேமரன் மலையில் அது கொஞ்சம் பிந்தி, அக்டோபரிலும் நவம்பரிலும் கொட்டித் தீர்க்கிறது. மலைச்சாலையில் மண் சரிந்து வண்டி நிற்கும் பருவமும் 11.11 பார்சல்கள் குவியும் பருவமும் ஒன்றே. முல்லையைக் கவனிக்காதவருக்கு விடிந்ததும் மருதம் காத்திருக்கிறது: ஒற்றை நட்சத்திரத்தோடு ஓர் ஊடல். வாயிலாகப் பாணன் வந்த இடத்தில் இப்போது தளத்தின் ‘சாட்’ வருகிறது. பாணனுக்காவது யாழ் வாசிக்கத் தெரியும். அதற்கு மேலும் முற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அது பாலை. பிறகு கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரங்குவது நெய்தல்.

இத்துணிபுக்கு முதல் சான்று முட்டைக்கோசு. அது நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் கூரியரில் அனுப்புபவர் தண்ணீரை மலையிலிருந்து கீழே இறக்கக் கூலி கொடுக்கிறார். ஆறு அதைக் காலங்காலமாக இலவசமாகச் செய்துவருகிறது. எடையோடு கதை முடிவதில்லை. கூரியர் நிறுவனங்கள் பல பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாகக் கொள்கின்றன. 40க்கு 30க்கு 25 பெட்டியில் இரண்டு கிலோ சாலட் கீரையை வைத்தால் ஆறு கிலோவுக்குக் காசு. மீதி நான்கு கிலோ, கேமரன் மலையின் குளிர்ந்த காற்று. விலை வைத்தபோது அந்தக் காற்று கணக்கில் இல்லை. தேயிலையோ முல்லைக்கென்றே பிறந்தது. நான்கைந்து கிலோ பச்சை இலை தொழிற்சாலையில் வாடி, நொறுங்கி, புளித்து, காய்ந்து ஒரு கிலோத் தூளாகிறது. தண்ணீரை மலையிலேயே விட்டுவிட்டுத்தான் பயணம் புறப்படுகிறது. வழியில் மூன்று நாள் தாமதித்தாலும் அதற்குக் கோபமில்லை. 1929 இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது கூரியரை யாரும் நினைத்திருக்க முடியாது. ஆயினும் செடியை நட்டுவிட்டு முதல் கொழுந்துக்குச் சில ஆண்டு இருந்தவர்கள் முல்லையை அறிந்தவர்கள் என்று கொள்வதில் தடையில்லை.

கடல் கடந்தும் சான்றுண்டு. அமெரிக்காவில் பெட்ஸ்.காம் என்றொரு கடை இருந்தது. விளம்பரத்தில் வந்த அதன் காலுறைப் பொம்மை நாயை அறியாதவர் குறைவு. அது குறிஞ்சி, பழுதில்லை. ஆனால் கனத்த நாய்த்தீனி மூட்டையை வாங்கின விலைக்கும் குறைவாக விற்று, வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. 2000 பிப்ரவரியில் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம் அதே நவம்பரில் மூடப்பட்டது. நாய்த்தீனி என்பது அமெரிக்கர்களின் முட்டைக்கோசு.

பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். அகத்திணையில் தலைவன் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இணைய வியாபாரிகள் பலர் இந்த ஒரு விதியை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள்: ஊர் இல்லை, பேர் இல்லை, ஒரு பூப்படமும் வாட்ஸ்அப் எண்ணும்தான். காத்திருப்பவர் யாருக்காகக் காத்திருக்கிறார் என்றே தெரியாத முல்லை இலக்கியத்தில் எங்கும் இல்லை. மலேசியச் சட்டமும் இதில் தொல்காப்பியர் பக்கம் நிற்கவில்லை. 1956 ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். லோகோ வரைய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பதிவுக் கட்டணம் ஒன்றுமில்லை. ஆனால் லோகோவுக்குத்தான் லைக் விழுகிறது.

இதற்கு மறுப்புகள் எழலாம். டிக்டாக் நேரலையில் ஒரு மணி நேரத்தில் கூடை காலியாவதைக் காட்டி, வியாபாரம் குறிஞ்சியே என்பார் ஒரு சாரார். கூடை காலியானது உண்மை. அது நிரம்பியிருந்தபோது இருந்த கவலை ஒருவருடையது. காலியானபின் அந்தக் கவலை நூறு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது மறுப்புக் கனமானது. 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, மலையில் டன் கணக்கில் காய்கறி கொட்டப்பட்டபோது, கேமரன் மலை விவசாயிகள் சிலர் லாசாடா வழியாகக் காய்கறி விற்றார்களே, கோசு எப்படி விலைபோனது என்று கேட்கலாம். கேள்வியிலேயே விடை இருக்கிறது. அப்போது ‘வீட்டிலேயே இரு’ என்று அரசாங்கமே ஆணையிட்டிருந்தது. இருத்தல் என்ற உரிப்பொருளை ஒரு நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. வாங்குபவர் காத்திருப்பதற்கென்றே வீட்டில் இருந்தார். கட்டுப்பாடு நீங்கியதும் அவர் கீழே இறங்கிப் பசாரில் கோசை அமுக்கிப் பார்த்து வாங்கப் போய்விட்டார். திணை மயங்கலாமே என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. காலம் மயங்கினாலும் நிலம் மயங்காது என்று தொல்காப்பியர் அன்றே அடைத்துவிட்டார். திரிங்காப்பை ஷா ஆலாமுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்க எந்தச் செயலியாலும் ஆகாது.

எஞ்சியவை ஐந்திணைக்குப் புறத்தே நிற்கும் இரண்டு. ஐந்நூறு லைக்கும் பூஜ்யம் ஆர்டரும் பெற்ற பதிவு கைக்கிளை என்பதில் அறிஞரிடையே வேறுபாடு இராது. பழுத்த ஸ்ட்ராபெர்ரியைச் சாதாரணக் கூரியரில் ஜொகூருக்கு அனுப்புவது பெருந்திணை. மூன்றாம் நாள் பெட்டியைத் திறப்பவர் அதைச் சாறு என்பார், விற்பவர் பழம் என்பார். அந்தப் பழத்தைத் திரிங்காப்பிலேயே அடுப்பேற்றிச் சர்க்கரை போட்டுக் கிண்டிப் புட்டியில் அடைத்தால், எத்தனை நாள் வேண்டுமானாலும் முல்லையில் இருக்கும். புட்டி உடையாமல் கீழே போய்ச் சேருமா என்பது பபிள் ரேப் இயலில் தனியே ஆராயத்தக்கது.